மான்குர்த் வண்டியில் கேட்ட கேள்வி

நான் பம்பாய்க்குப் போவதற்குக் கல்லூரியில் எல்லோரிடமும் சொன்ன காரணம், சரித்திர ஆசிரியைகளின் கூட்டம் ஒன்று. அது பொய்யன்று. கூட்டம் நடந்தது, நானும் ஒரு மூலையில் உட்கார்ந்து, மின்விசிறியின் இரைச்சலில் பாதியை இழந்து, மீதியைக் குறிப்பெடுத்துக்கொண்டேன். ஆனால் மே மாத வெயிலில் அத்தனை தூரம் என்னை இழுத்துச் சென்ற காரணம் எங்கள் முதல்வர் அம்மையாருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். ஜூன் மாதத்தில் எங்கள் கல்லூரியின் கணிதத் துறையில் ஓர் இடம் காலியாகிறது. விளம்பரம் கொடுப்பதற்கு முன்னால், "உங்கள் சிநேகிதி வருவாரா என்று நேரில் கேட்டுக்கொண்டு வாருங்கள்" என்று அவர் சொல்லியிருந்தார்.

சிநேகிதி என்றால் சிவகாமி. சென்னையில் பி.ஏ. ஆனர்ஸ் படித்தபோது விடுதியில் ஒரே அறையில் நாங்கள் மூவர் இருந்தோம்: தாமிரபரணிக் கரையிலிருந்து சிவகாமியும் நானும், பாலக்காட்டிலிருந்து ருக்மிணி. கணித வகுப்பில் பேராசிரியை கரும்பலகையில் ஒரு கணக்கைத் தொடங்கி, நடுவில் நின்றுவிட்டு, சாக்கட்டியைச் சிவகாமியிடம் நீட்டுவாராம். அவள் எழுந்து போய் முடித்துவிட்டு வருவாளாம். அவ்வளவு கூர்மையானவள் மணி அடித்தால் மட்டும் எங்கும் நேரத்துக்கு வந்ததில்லை. பிரார்த்தனைக் கூடமானாலும் சாப்பாட்டு அறையானாலும் என் பக்கத்து இடத்தில் என் கைக்குட்டை விரிந்திருக்கும். யார் வந்து கேட்டாலும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: "ஆள் வராங்க."

படிப்பு முடிந்த சில மாதங்களில், பம்பாயில் இருந்த அவளுடைய அண்ணன் மனைவி இரண்டு சின்னக் குழந்தைகளை விட்டுவிட்டு இறந்துபோனாள். "கொஞ்ச நாள் இருந்து பாத்துக்கிட்டு வந்திருதேன்" என்று சொல்லிவிட்டுப் போன சிவகாமி, அந்தக் குழந்தைகள் கல்லூரிக்குப் போகும் வயது வந்த பிறகும் திரும்பவில்லை. கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. மணம் செய்துகொள்ளவில்லை. நானும்தான். எங்கள் ஆசிரியைகள் குடியிருப்பில் என் அறைக்குப் பக்கத்து அறை சென்ற ஆண்டிலிருந்து பூட்டியே கிடந்தது. அதன் சாளரத்தில் என்ன நிறத்தில் திரை போடலாம் என்பதுவரை நான் யோசித்து வைத்திருந்தேன்.

தாதர் நிலையத்தில் ருக்மிணி குடையோடு நின்றுகொண்டிருந்தாள். பருத்திருந்தாள், சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"என்னடி இது, தலையெல்லாம் இப்படி நரைச்சுடுத்து? சரித்திரம் படிச்சுப் படிச்சு நீயே சரித்திரமாயிட்டே!" என்றாள். பெட்டியைக் கூலிக்காரரிடம் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, டாக்ஸியில் மாதுங்கா போனோம்.

மாதுங்காவை அடைந்ததும் பம்பாய்க்கு வந்த உணர்வே அற்றுவிட்டது. வாழைப்பூ, சேனைக்கிழங்கு, நாட்டு மல்லி, அப்போதுதான் அரைத்த காப்பிப்பொடியின் மணம். எங்கள் ஊர்ச் சந்தையில் தேடியும் கிடைக்காத பிஞ்சு மாவடு ருக்மிணியின் வீட்டு வாசலில் கூடையில் வந்து இறங்கியது. தண்ணீர் மட்டும் ஊரைப்போல இல்லை. விடியுமுன் குழாயில் வரும். பிடித்து வைத்தால் உண்டு. ஆற்றில் இறங்கிக் குளித்து வளர்ந்த நான், அங்கே ஒரு வாளியைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கக் கற்றேன். ஆபூஸ் மாம்பழத்தைக் கீற்றாக நறுக்கித் தட்டில் வைத்து, "எப்படி இருக்கு, சொல்லு" என்று ருக்மிணி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. கொட்டையைச் சப்பக் கொடுக்காதது ஒன்றுதான் குறை.

"சிவகாமியைப் பாக்குறியா?" என்று கேட்டேன்.

"எங்கேடி? அவ செம்பூர், நான் மாதுங்கா. ரயில்ல போனா கூப்பிடு தூரம்தான். அவளுக்கு ஞாயித்துக்கிழமை துணி துவைக்கணும், எனக்கு ஞாயித்துக்கிழமை ஆத்துல சீட்டுக் கச்சேரி. பம்பாயில பக்கத்துல இருக்கறவாளைப் பாக்கணும்னா, மெட்ராஸ்லேந்து யாராவது வரணும்."

மறுநாள் சனிக்கிழமை. அலுவலகங்களுக்கு அரை நாள். பிற்பகலில் நானே தனியாகச் செம்பூர் போய்விடுவதாகச் சொன்னேன். ருக்மிணி பாடம் நடத்தினாள்: "கிங்ஸ் சர்க்கிள்ல ஏறு. வடாலாவுல இறங்கி மான்குர்த் வண்டிக்கு மாறு. கேட்டியா? மான்குர்த்!"

நான் கேட்டேன். வடாலாவில் இறங்கினேன். வந்த முதல் வண்டியில், கூட்டம் தள்ளிய தள்ளில், ஏறியும்விட்டேன். உட்கார இடம் கிடைத்த மகிழ்ச்சியில் சாளரம் வழியே பார்த்தபோது, சற்றுமுன் நான் ஏறிய அதே கிங்ஸ் சர்க்கிள் நிலையம் எதிர்ப்பட்டு, நின்று, பின்னால் போயிற்று. பேரரசுகளின் படையெடுப்பு வழிகளைப் படம் வரைந்து காட்டும் ஆசிரியைக்கு இரண்டு கிளையாகப் பிரியும் ஒரு ரயில் பாதை பிடிபடவில்லை. பதறி எழுந்து அடுத்த நிலையத்தில் இறங்கினேன். மாஹிம் என்று போட்டிருந்தது.

எனக்குத் தெரிந்த இந்தியைச் சேகரித்துக்கொண்டு, முறுக்குக் கூடையோடு நின்ற ஓர் அம்மாளிடம் செம்பூருக்கு வழி கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தமிழ்லயே கேளுங்கம்மா. எனக்கும் அந்த இந்தி வராது. எந்த ஊரு நமக்கு?"

ஊரைச் சொன்னதும் அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டார். அவர் நாங்குனேரிப் பக்கம். ரயிலடியைத் தாண்டினால் தாராவி என்று அவர் சொன்னபோதுதான், சிவகாமியின் அண்ணனுடைய தகரப்பெட்டிப் பட்டறை தாராவியில் இருப்பது நினைவுக்கு வந்தது. அவரிடம் சொன்னேன். "சுடலைமுத்து அண்ணாச்சி பட்டறையா? கணக்கு டீச்சரம்மா அண்ணன்தானே? வாங்க, நான் அந்த வழியாத்தான் போறேன்" என்று முன்னால் நடந்தார்.

கணக்கு டீச்சரம்மா என்ற சொல் எனக்குப் புரியவில்லை. சிவகாமி குமாஸ்தா அல்லவா?

பதனிட்ட தோலின் வீச்சம் முதலில் மூச்சை அடைத்தது. சிறிது தூரத்தில் பழகிவிட்டது. சேறும் சாக்கடையுமான சந்துகளுக்குள், "ஏலே, அங்க என்னல பாத்துக்கிட்டு நிக்க?" என்ற அதட்டலை என் காதாரக் கேட்டேன். ரயிலில் இரண்டு இரவுகள் கடந்து வந்தவளுக்குப் பாளையங்கோட்டைப் பேருந்து நிலையத்தில் நிற்பதுபோல் இருந்தது.

பட்டறையில் தகரம் தட்டும் ஓசை காதைப் பிளந்தது. பூப்போட்ட பச்சைப் பெட்டிகள் அடுக்கடுக்காக நின்றன. உள்சுவரில் கறுப்புச் சாயம் அடித்த பெரிய தகரத் தகடு ஒன்று ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தது. அதில் அரைகுறையாக அழிந்த ஒரு வட்டமும் அதைத் தொட்டுச் செல்லும் ஒரு கோடும். அந்த வட்டத்தை எனக்குத் தெரியும். கவராயம் இல்லாமல் ஒரே வீச்சில் அப்படிப் போடுகிறவள் எங்கள் அறையில் ஒருத்திதான் இருந்தாள்.

அண்ணாச்சி சோடா வாங்கி வரச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை காலையில வந்து இங்க உள்ள பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் குடுப்பா. நாளைக்கு நீங்க வந்திருக்கதுனால லீவு விட்டிருக்கா" என்றார். துணி துவைக்கும் ஞாயிறு என்று ருக்மிணி நம்பிக்கொண்டிருந்தது இதுதான் போலும்.

பிறகு சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். தட்டல் ஓசையில் தாழ்த்தியது போதாமல், மறுபடி உயர்த்த வேண்டியதாயிற்று.

"ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதீங்க டீச்சர். உங்க காலேஜுல அவளுக்கு ஒரு வேலை கெடைக்குமா? என் பிள்ளைகளை வளத்து ஆளாக்கிட்டா. இனிமேயாவது அவ படிச்ச படிப்புக்கு ஒரு மரியாதை வேண்டாமா? நான் சொன்னா, 'என்னைப் போகச் சொல்லுதியா'ன்னு கோவிச்சுக்கிடுவா. நீங்க சொன்னா கேப்பா."

சோடாவின் குமிழி மூக்கில் ஏறி எனக்குக் கண் கலங்கியது. தடையாக இருப்பார் என்று நான் அஞ்சி வந்த ஒருவரே எனக்குத் தூதுவராகிவிட்டார். இனி வேண்டியது அவளுடைய ஒரு சொல் மட்டுமே. "கேக்குறேன் அண்ணாச்சி" என்றேன்.

அவரோடு பஸ்ஸில் சயான் வழியாகச் செம்பூர் போய்ச் சேர்ந்தேன். மரங்களும் காற்றும் உள்ள அமைதியான தெரு. வாசல் படியில் நின்றிருந்த சிவகாமி என்னையும் அண்ணனையும் சேர்த்துப் பார்த்த கணத்திலேயே நடந்ததைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏட்டி சௌந்தரம்! வடாலாவுல பாந்த்ரா வண்டியில ஏறிட்டியா? நீ ஏறுவேன்னு எனக்குத் தெரியும்ளா!"

இறங்கி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். மெலிந்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். கையில் அதே குளிர்ச்சி.

இரண்டே அறைகள் கொண்ட வீட்டில் தனியாகப் பேச ஓர் அங்குல இடம் இல்லை. அண்ணன் மகனும் மகளும் என்னைச் சூழ்ந்துகொண்டு, "அத்தை காலேஜில் எப்படி?" என்று கேட்டார்கள். அந்தப் பெண் என் தமிழ் வாரப் பத்திரிகையை எழுத்துக்கூட்டிப் படித்து, ஒரு பத்தியைக் கடந்ததும் களைத்துப்போய் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். சிவகாமி அவித்த இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டேன். கேட்க வந்ததைக் கேட்காமலே மாதுங்காவுக்குத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை ருக்மிணியின் வீட்டில் மூவரும் சேர்ந்தோம். கூடத்தில் அவள் கணவரும் நண்பர்களும் சீட்டாடினார்கள். நாங்கள் சமையலறையில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கடைசி ஆண்டில் விடுதிக் கண்காணிப்பாளரின் நாய்க்குச் சிவகாமி பூஜ்யம் என்று பெயர் வைத்த கதையை ருக்மிணி மறுபடி சொன்னாள். மூவரும் இலையில் கையை வைத்துக்கொண்டு அழுகிற அளவுக்குச் சிரித்தோம். கூடத்திலிருந்து, "அங்கே என்ன, ரம்மி அடிச்சாச்சா?" என்று ஒரு குரல் வந்தது.

ருக்மிணியின் மகள் வடிவ கணிதத்தில் தவறி, ஜூனில் மறுதேர்வு எழுத வேண்டியவள். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு புத்தகத்தோடு வந்தாள். சிவகாமி புத்தகத்தைத் திறக்கவே இல்லை. ஓர் அப்பளத்தை எடுத்து, "இதோட மையம் எங்க இருக்கு, ஒடைக்காம சொல்லு பாப்போம்" என்றாள். பிற்பகல் முழுவதும் அந்தப் பெண் தரையில் சாக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு முறை தானே கைதட்டிக்கொண்டாள். எங்கள் கல்லூரியின் நீண்ட வகுப்பறைகள், அவற்றில் கணக்கைக் கண்டு நடுங்கும் கிராமத்துப் பெண்கள், எல்லாம் எனக்குக் கண்முன் வந்தன. அன்றே கேட்டிருக்கலாம். ஆனால் ருக்மிணி பக்கத்தில் இருந்தாள். அந்தக் கேள்வியை யாரோடும் பங்கிட்டுக்கொள்ள எனக்கு மனம் இல்லை.

திங்கட்கிழமை மாலைதான் எஞ்சியிருந்தது. கூட்டம் முடிந்து போரிபந்தர் நிலையத்தில் காத்திருந்தேன். அலுவலகங்கள் கொட்டிய ஜனத்தில் சிவகாமி ஓடி வந்தாள். "நிக்காத, ஓடு!" என்று என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். மான்குர்த் வண்டியின் பெண்கள் பெட்டிக்குள் நாங்கள் தாவி ஏறியபோது, பலகையில் ஒரு கைக்குட்டையும் ஒரு குடையும் எங்களுக்காக இடம் பிடித்து வைத்திருந்தன. கைக்குட்டைக்கு உரியவர் சாந்தா தாயி என்ற மராட்டிய அம்மாள். தாயி என்றால் அவர்கள் மொழியில் அக்கா. காலையிலேயே சிவகாமி சொல்லிவைத்தாளாம், இன்று இரண்டு இடம் வேண்டும் என்று.

வண்டி கிளம்பியதும் பெட்டி ஒரு வீடாக மாறியது. ஒருத்தி பட்டாணி உரித்தாள். ஒருத்தி பின்னல் ஊசியை எடுத்தாள். நர்ஸ் உடையில் இருந்த கோவாக்காரப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள். சாந்தா தாயி ஒரு கட்டு வெந்தயக்கீரையை என் மடியில் வைத்து, இங்கே யாரும் சும்மா உட்காருவதில்லை என்று சைகையால் சொன்னார். நானும் இலை கிள்ளத் தொடங்கினேன்.

மராத்தி, குஜராத்தி, கொங்கணி என்று சுற்றிலும் பல மொழிகள் ஒலித்தன. எங்கள் இருவரைச் சுற்றித் தமிழ் ஒரு சுவர் எழுப்பி, இத்தனை நாள் கிடைக்காத தனி அறையைத் தந்துவிட்டதாக எண்ணினேன். அரக்கோணத்திலிருந்து நான் செதுக்கி வைத்திருந்த வாக்கியங்கள் வெறும் சொற்களாக வெளிவந்தன.

"சிவகாமி, எங்க காலேஜுல கணக்குக்கு ஒரு இடம் இருக்கு. பிரின்சிபால் உன்னைத்தான் கேட்டுட்டு வரச் சொன்னாங்க. என் பக்கத்து ரூமும் காலியாத்தான் கெடக்கு. வந்துரேன்."

சிவகாமி வாய் திறக்குமுன், எதிரில் பின்னிக்கொண்டிருந்த பெண்ணின் ஊசி நின்றது.

"ஐயய்யோ! மாமி, எங்களை விட்டுட்டுப் போகப்போறேளா?"

அவள் வத்சலா, மாதுங்காவில் பிறந்து வளர்ந்த தட்டெழுத்துக்காரி. பம்பாய் ரயிலில் தமிழ் யாருக்கும் புரியாது என்று நினைப்பவர்கள் என்னைப் போல ஊரிலிருந்து வருகிறவர்கள்தாம் என்று பின்னால் அவளே சொன்னாள். அந்தக் கணத்தில் அவள் என் கேள்வியை இந்தியில் பெட்டி முழுவதற்கும் அறிவித்துவிட்டாள். அடுத்த நிலையம் வருமுன் நீதிமன்றம் கூடிவிட்டது.

"லீவு எவ்வளவு?" என்று கேட்டாள் நர்ஸ். வத்சலா மொழிபெயர்த்தாள். கோடை முழுவதும் என்றேன்.

"அப்படியானால் இன்றைக்கே கிளம்பு! இவள் வராவிட்டால் நான் வருகிறேன்!" என்று அவள் இந்தியில் கத்த, பெட்டி சிரித்தது. "அங்கே மீன் கிடைக்குமா?" என்று ஒரு குரல். "இவளே சைவம், இவளுக்கு எதற்கு மீன்?" என்று இன்னொன்று. பட்டாணி உரித்தவள், படித்த படிப்பு வீணாகக் கூடாது, போகத்தான் வேண்டும் என்று தீர்ப்பளித்தாள்.

சாந்தா தாயி மட்டும் சிரிக்கவில்லை. "அங்கே இவளுக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். மொழிபெயர்ப்பு எனக்குத் தேவைப்படவில்லை.

"நான் இருக்கேன்" என்றேன்.

வத்சலா அதை மெதுவாக இந்தியில் சொன்னாள். சாந்தா தாயி என்னைச் சற்று நேரம் பார்த்தார். "அப்படியானால் நல்ல இடம்தான்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து கீரையைக் கிள்ளினார். அவருடைய விரல்கள் இலையோடு தண்டையும் சேர்த்துக் கிள்ளின.

"அண்ணன் சொல்லிவிட்டானா?" என்றாள் சிவகாமி, தணிந்த குரலில்.

"அண்ணாச்சியும் சொன்னார். ஆனா நான் ஊர்லேருந்து கெளம்பும்போதே இதுக்குத்தான் கெளம்பினேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினாள். "ஏட்டி, நம்ம ஊருக்கு வந்தா, நீ யாரு மக, ஏன் கல்யாணம் கெட்டிக்கிடலன்னு கேப்பாவ. அது பழகிரும், நீயே பழகிட்டல்லா. ஆனா இங்க, ஒரு நாள் நான் வண்டியில ஏறலன்னா, ஏன் ஏறலன்னு கேக்காவ. போன மழையில காய்ச்சலா கெடந்தேன். இந்தத் தாயி குர்லாவுல எறங்க வேண்டியவ, செம்பூர்ல எறங்கி, வீடு வீடாக் கேட்டு வந்துட்டா. கஞ்சி வச்சுக் குடுத்துட்டுத்தான் போனா." கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். "எனக்கு வேற போக்கு இல்லன்னு இங்க இருக்கேன்னு நெனைச்சுராத. எனக்கு இது பிடிச்சிருக்கு. தாராவிப் பிள்ளைகளும் இருக்கு."

நான் இலையைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன்.

"நீ மட்டுமே ஒரு ஊரா இருந்தா, இன்னைக்கே வந்திருவேன் சௌந்தரம்" என்றாள்.

வத்சலா இதை மொழிபெயர்க்கவில்லை. ஊசியை வேகமாக ஓட்டினாள்.

வடாலா வந்தது. மாறி ஏற வேண்டியவள் நான்; வத்சலா என் கையைப் பிடித்து இறக்கினாள். சாந்தா தாயி சாளரத்தில் குனிந்து, "நாளைக்கும் இடம் போட்டு வைக்கட்டுமா?" என்று கேட்டார். நாளை ஊருக்குப் போகிறேன் என்றேன். வண்டி நகர்ந்த பிறகுதான் அவருடைய கீரைக்கட்டு என் கையிலேயே இருப்பதைக் கண்டேன். வாசல் கம்பியைப் பிடித்து நின்ற சிவகாமி அதைப் பார்த்துச் சிரித்தாள். "வச்சுக்க! வச்சுக்களா!" என்று அவள் கத்தியது வளைவு வரை கேட்டது.

கீரையை ருக்மிணியிடம் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"கேட்டுட்டியா? மாட்டேன்னுட்டாளா?"

கல்லூரி வேலையைப் பற்றிச் சொல்லிவிட்டு, "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாதாடி? நீ மாநாட்டுக்குன்னு எழுதினப்போவே தெரியும். வேலை விஷயம்னு தெரியாது. அவளைக் கூட்டிண்டு போகத்தான் வரேன்னு தெரியும்." அடுப்பைப் பற்றவைத்தாள். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, பொட்டியைத் தூக்கிண்டு வந்திருப்பேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அதன் பிறகு வெகுநேரம் அடுப்பின் பக்கமே திரும்பி நின்றாள். அவளும் ஆனர்ஸ்தான், ஆங்கில இலக்கியம். அது அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது.

மறுநாள் தாதரில் என்னை வண்டியேற்றியவள் ருக்மிணி. சிவகாமிக்கு அலுவலகம். வெந்தயக்கீரை போட்ட சப்பாத்திகளை இலையில் கட்டிக் கொடுத்திருந்தாள் ருக்மிணி. வண்டி நகரும்போது கூடவே சிறிது தூரம் ஓடி வந்து, "மாங்கொட்டையைச் சப்பக் குடுக்கலைன்னு உனக்கு வருத்தம்தானே? அடுத்த தடவை குடுக்கறேன்டி!" என்று மூச்சிரைக்கச் சொன்னாள்.

கல்யாணில் பெண்கள் பெட்டியில் கூட்டம் ஏறியது. சென்னைக்குப் போகும் நடுவயதுப் பெண் ஒருத்தி, இடுப்பில் ஒரு மூட்டையோடு வந்து நின்றாள். என் பக்கத்துப் பலகையில், நான் எப்போது வைத்தேன் என்றே எனக்குத் தெரியாமல், என் கைக்குட்டை விரிந்து கிடந்தது.

"இங்க யாராவது வராங்களாம்மா?"

"ஆள் வராங்க" என்றேன்.

அவள் நகர்ந்து கம்பியில் சாய்ந்து நின்றாள். வண்டி ஊதியது, கிளம்பியது. நடைமேடையின் கடைசித் தூண் பின்னால் போயிற்று. மலைப்பாதை தொடங்கும்வரை அவள் நின்றபடியே என்னையும் அந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நான் கைக்குட்டையை எடுத்து மடித்துக்கொண்டேன்.

"உக்காருங்க" என்றேன்.